ஜெர்மன் அரண்மனை உத்தியோகம்: ஒரு பிரபு எப்படிச் சேர்ந்தார், எதைச் சம்பாதித்தார், எங்கே சறுக்கினார்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் பிரபு என்றதும் பொடி தூவிய பொய்முடியும் விருந்தும் நடனமும்தான் கண்முன் வரும். அவர்களில் கணிசமானோர் உண்மையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். கையில் நியமனப் பத்திரம் இருக்கும். அதில் ஊதியம், குதிரைத் தீவனம், விறகு, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பத்திரத்தைப் புரிந்துகொண்டால் அவர்கள் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, பத்திரத்தில் எழுத முடியாத ஒன்றைப் பற்றியது: மன்னரின் அறைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க முடிகிறது என்பது.

முதலில் களத்தைப் பார்ப்போம். அன்று ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. புனித ரோமப் பேரரசு என்ற பெரிய கூரையின் கீழ் 300க்கும் மேற்பட்ட ஆட்சிப்பகுதிகள் இருந்தன. முப்பதாண்டுப் போரை முடித்த 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை, இந்தக் குறுநில மன்னர்களின் அதிகாரத்தை உறுதிசெய்தது. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத நிலப்பரப்பை ஆள்பவரும் தனக்கென அரண்மனை, ஆலோசனை சபை, கருவூலம், திருச்சபை நிர்வாகம், வேட்டைத் துறை எல்லாம் வைத்திருப்பார். அத்தனை இடத்துக்கும் ஆள் வேண்டும். ஓர் இடத்தில் வேலை போனால் இரண்டு நாள் பயணத்தில் இன்னொரு அரண்மனை இருக்கும். ஒரே அரசவையைச் சுற்றிச் சுழன்ற பிரெஞ்சுப் பிரபுவுக்கு இந்த வசதி இல்லை.

பிரபுவுக்கு எதற்கு வேலை? காரணம் நிலம்தான். ஜெர்மன் சிறு பிரபுக் குடும்பங்களில் பட்டம் மூத்த மகனோடு நிற்பதில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். நிலமும் பல இடங்களில் பங்கு பிரிக்கப்படும். மூன்று தலைமுறையில் பட்டம் பெருகி, பண்ணை சுருங்கிவிடும். வணிகத்தில் இறங்கினால் மரியாதை போய்விடும் என்ற கட்டுப்பாடு வேறு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வடிகால் இருந்தது. இளைய மகனைப் பேராலயக் குருமார் சபையில் சேர்த்தால் வாழ்நாள் வருமானம் கிடைக்கும். அதற்கும் தடை உண்டு: பல சபைகள் எள்ளுத் தாத்தா பாட்டி தலைமுறை வரை போய், பதினாறு முன்னோரும் பிரபுக்கள்தான் என்று நிரூபிக்கச் சொல்லின. லூத்தரன் குடும்பங்களுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப் போனது. அவர்களுக்கு மிஞ்சியவை படையும் அரண்மனையும்தான்.

இந்த வாழ்க்கையை விளக்க நல்ல உதாரணம் ஃபைட் லுட்விக் ஃபோன் செக்கெண்டார்ஃப். 1626இல் ஃபிராங்கோனியாவில் ஹெர்ட்சோகனவ்ராக் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படையில் அதிகாரி. எதிர்த்தரப்பான பேரரசர் பக்கத்தோடு ரகசியத் தொடர்பு வைத்தார் என்று ஸ்வீடன் தரப்பே 1642இல் சால்ஸ்வெடல் நகரில் அவரைக் கொன்றது. தந்தையை இழந்த அந்தப் பையனின் மேற்படிப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? தந்தையோடு பணியாற்றிய ஸ்வீடன் அதிகாரிகள்தான். மரண தண்டனைகூடக் குடும்பத்தின் தொடர்புகளை அறுக்கவில்லை. இந்த உலகம் ஓடியது அந்தத் தொடர்புகளின் பலத்தில்தான்.

உள்ளே நுழையும் வழி

வழக்கமான பாதை சிறுவயதிலேயே தொடங்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் ஏதாவது அரண்மனையில் ஏவல் பையனாகச் சேர்ப்பார்கள். உணவு மேசையில் பரிமாறுவது, விளக்கு ஏந்துவது, வேட்டையில் உடன் போவது அவன் வேலை. கூடவே குதிரையேற்றம், வாள்வீச்சு, நடனம், பிரெஞ்சு ஆகியவற்றில் பயிற்சி கிடைக்கும். வசதியுள்ளவர்கள் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். ட்யூபிங்கன், காசல், வோல்ஃபன்ப்யூட்டல் ஆகிய ஊர்களில் அப்படிப்பட்டவை இருந்தன. அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று ஆண்டு சட்டம். பட்டம் வாங்க மாட்டார்கள். முனைவர் பட்டம் என்பது பிரபு அல்லாத சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை பிழைப்புக்காக வாங்குவது என்ற எண்ணம் இருந்தது. கடைசியாக ஹாலந்து, பிரான்ஸ், இத்தாலி என்று ஒரு நீண்ட சுற்றுப்பயணம். செலவில் இதுதான் பெரியது. கடன் வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

செக்கெண்டார்ஃபுக்கு இந்தப் பாதையில் பாதிதான் கிடைத்தது. சாக்ஸ்-கோத்தாவின் மன்னர் எர்ன்ஸ்ட் அவரைச் சிறுவயதிலேயே தன் ஆதரவில் எடுத்துக்கொண்டார். பையன் 1642இல் ஸ்ட்ராஸ்பர்கில் சட்டமும் வரலாறும் படிக்கப் போனான். படிப்பு முடிந்ததும் கோத்தா அரண்மனையில் கீழ்நிலைப் பதவியும் நூலகப் பொறுப்பும் கிடைத்தன. மற்றவர்கள் வேட்டைக்குப் போன நேரத்தில் இவர் புத்தக அலமாரிகளுக்குள் இருந்தார். அது பின்னாளில் இவருக்கு மிகவும் பயன்பட்டது.

இரண்டு ஏணிகள்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. அரண்மனையில் இரண்டு தனித்தனி ஏணிகள் இருந்தன.

ஒன்று மரியாதை ஏணி. அடிப்படியில் ஹோஃப்யுங்கர் என்ற இளம் அரசவைப் பிரபு, அடுத்து காமர்யுங்கர், அதற்கும் மேலே காமர்ஹெர். காமர்ஹெர் என்பவர் மன்னரின் தனியறைக்குள் செல்ல உரிமை பெற்றவர். அதன் அடையாளமாக இடுப்பில் ஒரு பொன்முலாம் பூசிய சாவி தொங்கும். உச்சியில் நிற்பவர்களில் ஹோஃப்மார்ஷல் சமையற்கட்டு, மதுக்கிடங்கு, மேசை வரிசை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. குதிரைலாயத் தலைவர் ஒருவர், வேட்டைத் தலைவர் ஒருவர். இந்த ஏணியில் ஏற வம்சமும் நடத்தையும் போதும்.

மற்றொன்று வேலை ஏணி. சிறு அரசுகளிலும் மூன்று அலுவலகங்கள் இருக்கும். நீதி, சட்டம் பார்ப்பது சான்சலரி. மன்னரின் சொந்த நிலம், காடு, ஆலை, சுரங்கம், சுங்கம் ஆகியவற்றின் வருமானத்தைப் பார்ப்பது காமர் என்ற நிதி அலுவலகம். திருச்சபையையும் பள்ளிகளையும் பார்ப்பது கன்சிஸ்டரி. இவற்றுக்கெல்லாம் மேலே மூன்று நான்கு பேர் கொண்ட அந்தரங்க ஆலோசனை சபை. இந்த ஏணியில் பிரபுவுக்கு அருகிலேயே சட்டம் படித்த சாதாரணக் குடும்பத்தவனும் ஏறிக்கொண்டிருப்பான். பல சபைகளில் பிரபுக்களுக்கு ஓர் இருக்கை வரிசை, படித்தவர்களுக்கு இன்னொரு வரிசை என்று பிரித்தே உட்காரவைத்தார்கள்.

இரண்டு ஏணிகளிலும் ஒரே நேரத்தில் கால் வைப்பது கெட்டிக்காரத்தனம். மரியாதைப் பதவி மன்னரைத் தினமும் பார்க்க வைக்கும், வேலைப் பதவி கோப்பைக் கையில் கொடுக்கும். கோப்பு மட்டும் இருந்தால் குமாஸ்தாவாகவே காலம் போய்விடும். சாவி மட்டும் இருந்தால் அடுத்த மன்னர் வந்ததும் பழைய அலங்காரப் பொருளோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

செக்கெண்டார்ஃப் இரண்டாவது ஏணியில் வேகமாக ஏறினார். 1652இல் ஆலோசகர். 1656இல் நிதி அலுவலகத்திலும் அந்தரங்க சபையிலும் இடம். 1660களின் தொடக்கத்தில் சான்சலர். அதே 1656இல், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், ஒரு ஜெர்மன் சிற்றரசை எப்படி நிர்வகிப்பது என்று ‘ட்யூட்ஷர் ஃப்யூர்ஸ்டன்ஸ்டாட்’ என்ற கையேட்டை எழுதி வெளியிட்டார். நிலத்தை எப்படி விவரித்துப் பதிவது, ஆட்சியை எப்படி நடத்துவது, மன்னரின் சொந்த வருமானத்தை எப்படிப் பேணுவது என்பதே அதன் ஓட்டம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பல்கலைக்கழகங்களில் அதைப் பாடமாக வைத்திருந்தார்கள். கோட்பாட்டைவிட அலுவலக அனுபவம் அதில் அதிகம்.

சபையில் வேலை நடந்த விதம் எளிது, ஆனால் மெதுவானது. ஒரு மனு வந்தால் ஓர் உறுப்பினரிடம் ஒப்படைப்பார்கள். அவர் படித்து, சுருக்கி, சட்டம் சொல்வதையும் தன் முடிவையும் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார். பிறகு பதவி வரிசைப்படி ஒவ்வொருவரும் கருத்துச் சொல்வார்கள். பெரும்பான்மை முடிவை எழுத்தர் வரைவாக்குவார், மன்னர் கையெழுத்திடுவார். முடிவு தவறானால் பழி சபையின்மீது பரவலாக விழும். தனிமனிதன் தப்பிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அதனால்தான் மன்னர்கள் பலர் பொறுமையிழந்து, சபையைத் தாண்டித் தமக்குப் பிடித்த ஒருவரைத் தனியறையில் கூப்பிட்டுக் கேட்டார்கள். அரண்மனைச் சூழ்ச்சிகளில் பல இந்த இடத்தில்தான் முளைத்தன.

நியமனப் பத்திரத்தில் என்ன இருக்கும்

விசுவாசம், ரகசியம் காத்தல் ஆகியவை முதல் வரிகள். மன்னருக்குத் தீங்கு எனத் தெரிந்தால் சொல்ல வேண்டும், சபையில் கேட்டதைச் சாகும்வரை வெளியே சொல்லக் கூடாது. அடுத்து, செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலும் ‘இவை தவிர மன்னர் இடும் பணிகளும்’ என்ற ஒரு வாசகம் இருக்கும். வம்பெல்லாம் அதில்தான். தூதுப் பயணம், திருமணப் பேச்சு, இளவரசரோடு துணைப் பயணம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஊதியம் இரண்டு வகை: காசும் பொருளும். காசு தாலர் கணக்கில் இருக்கும். ஒரு தாலருக்கு 24 க்ரோஷன், ஒரு க்ரோஷனுக்கு 12 ஃபெனிக். அளவு புரிய வைமர் அரசவையைப் பார்க்கலாம். 1776இல் கவிஞர் கேத்தே அந்தரங்க சபையில் சேர்ந்தபோது ஆண்டுக்கு 1,200 தாலர். கவிஞர் ஷில்லருக்கு 1790இல் அதே அரசவை கொடுத்த உதவித்தொகை 200 தாலர். இசைக்குழுத் தலைவராக பாஹ் 1717இல் க்யோதன் அரசவையில் பெற்றது 400. பொருளாகக் கிடைத்தவை தானியம், விறகு, மது அல்லது பீர், குறிப்பிட்ட எண்ணிக்கைக் குதிரைகளுக்குத் தீவனம், ஆண்டுக்கு ஒரு அரண்மனை உடை, மன்னர் வீட்டு மேசையில் சாப்பாடு. புத்திசாலிகள் பொருளை விட மாட்டார்கள். போர்க்காலத்தில் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்து அடித்துவிட்டால் காசுச் சம்பளம் ஓட்டைக்குடமாகிவிடும், ஒரு மூட்டைத் தானியம் எப்போதும் ஒரு மூட்டைத் தானியம்தான். அரண்மனைகளோ எதிர்த்திசையில் போயின. சாப்பாட்டு மேசையில் உட்காருபவர்கள் பெருகப் பெருக, சோறு போடுவதற்குப் பதில் படிக்காசு கொடுத்து அனுப்புவது மலிவு என்று கண்டுகொண்டார்கள்.

கடைசியில் விலகல் விதி. காலாண்டு அல்லது அரையாண்டு முன்னறிவிப்பு வழக்கம். ஆனால் விலகுவதாகச் சொன்னால் மட்டும் போதாது. மன்னர் விடுவித்துப் பத்திரம் தர வேண்டும். நல்ல வார்த்தைகளோடு கூடிய அந்த விடுவிப்புப் பத்திரம் இல்லாமல் அடுத்த அரண்மனையின் கதவைத் தட்டுவது கடினம். பாஹ் 1717இல் வைமரை விட்டுப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்ததற்காக ஏறத்தாழ நான்கு வாரம் சிறையில் இருந்தார், பிறகு அவமதிப்போடு விடுவிக்கப்பட்டார். அவர் பிரபு அல்ல. பிரபுவைச் சட்டென்று சிறையில் போட மாட்டார்கள், ஆனால் பத்திரத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்க முடியும்.

செக்கெண்டார்ஃப் இதை நேர்த்தியாகச் செய்தவர். எர்ன்ஸ்ட் பக்திமானும் கடும் உழைப்பாளியும் ஆன மன்னர். நாடு முழுக்க ஆய்வு நடத்தினார், பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கினார், ஒவ்வொரு கோப்பையும் தானே பார்த்தார். அப்படிப்பட்டவரிடம் சான்சலராக இருப்பது உடம்புக்கு ஆகாது. 1664இன் கடைசியில், பதவியின் உச்சியில், செக்கெண்டார்ஃப் விலகி, அருகிலிருந்த சாக்ஸ்-ட்சைட்ஸ் அரசின் மோரிட்ஸிடம் போனார். வேலைப்பளு குறையும் என்பது காரணம். எர்ன்ஸ்டோடு உறவு கெடவில்லை.

எங்கே சறுக்கும்

முதல் ஆபத்து மன்னரின் மரணம். நியமனம் நாட்டோடு அல்ல, ஆளோடு செய்யப்பட்ட உடன்பாடு. புதிய மன்னர் உறுதிசெய்தால்தான் தொடரும். இளவரசராக இருந்தபோது தனக்கென ஒரு கூட்டத்தை வைத்திருந்தவர், ஆட்சிக்கு வந்ததும் பழைய ஆட்களை மாற்றுவார். 1681இல் மோரிட்ஸ் இறந்ததும் செக்கெண்டார்ஃப் பெரும்பாலான பதவிகளை விட்டு மாய்ஸல்விட்ஸ் என்ற தன் பண்ணைக்குப் போய் எழுத உட்கார்ந்தார். போக ஒரு பண்ணை இருந்ததுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம். 1713இல் பிரஷ்யாவில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் அரியணை ஏறியபோது தந்தையின் ஆடம்பர அரசவையை ஒரே வீச்சில் வெட்டிச் சுருக்கினார். அங்கே ஒதுங்க இடமில்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இரண்டாவது ஆபத்து பங்குப் பிரிவினை. எர்ன்ஸ்ட் 1675இல் இறந்தபோது ஏழு மகன்கள் இருந்தார்கள். 1680இல் நாடு ஏழாகப் பிரிந்தது: கோத்தா, கோபர்க், மைனிங்கன், ர்யோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், சால்ஃபெல்ட். ஒரே வருமானத்தின்மேல் ஏழு அரண்மனை, ஏழு சாப்பாட்டு மேசை, ஏழு வேட்டைத் தலைவர். வேலைக்கு அலைந்த பிரபுவுக்கு முதலில் இது நல்ல காலம்போல் தெரிந்திருக்கும். ஐசன்பெர்க் மன்னர் கிறிஸ்டியன் ரசவாதத்தில் பணத்தைக் கரைத்துக் கடனோடு 1707இல் இறந்தார். ஆண் வாரிசில்லாமல் கோபர்க் கிளை 1699இலும் ர்யோம்ஹில்ட் கிளை 1710இலும் முடிந்தன. முப்பது ஆண்டுக்குள் ஏழில் மூன்று அரண்மனைகள் மூடப்பட்டன. பொடியான அரசில் பெரிய பட்டத்தோடு சேருவதைவிட, நடுத்தர அரசில் சிறிய பதவியில் சேருவது பாதுகாப்பு என்று சொல்வதற்கு இந்த ஒரு குடும்பமே போதும்.

மூன்றாவது, சம்பள பாக்கி. சம்பளம் பெரும்பாலும் மன்னரின் சொந்த வருமானத்திலிருந்து வந்தது. புதிய வரி போட நாட்டின் நிலக்கிழார், நகரப் பிரதிநிதிகள் சபையின் சம்மதம் வேண்டும். எனவே அரண்மனை கட்டுவதிலோ படை வைப்பதிலோ பணம் போனால், முதலில் நிற்பது ஊழியரின் காலாண்டுத் தொகைதான். பாக்கி சேரச் சேர விலகவும் முடியாது, விலகினால் அந்தத் தொகை போய்விடும். சில பிரபுக்கள் மன்னருக்கே கடன் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மாவட்ட நிர்வாகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

செலவுப் பக்கமும் சும்மா இருக்காது. பருவத்துக்கேற்ற பட்டு, வெல்வெட் உடை, வண்டி, வேலைக்காரன், மன்னர் சீட்டாட அழைத்தால் தோற்பதற்கு ஒரு தொகை. இதில் யாரும் எதிர்பார்க்காத செலவு துக்க உடை. ஐரோப்பிய அரச குடும்பங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு. எங்கோ ஒரு தூரத்து உறவினர் இறந்தாலும் அரண்மனை வாரக்கணக்கில் கறுப்பு அணியும். தையல்காரரின் கணக்கு பிரபுவின் பையிலிருந்துதான் தீரும்.

நான்காவது, பொறாமை. வைமரில் அனுபவசாலி அமைச்சர் ஃபிரிட்ச், இருபத்தாறு வயதுக் கவிஞர் கேத்தே தன்னோடு சபையில் உட்காருவதா என்று 1776இல் பதவி விலகலையே நீட்டினார். மன்னரின் தாயார் அன்னா அமாலியா தலையிட்டுச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. கேத்தேக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது 1782இல்தான்.

க்னிகே: எல்லாம் தவறிப்போன உதாரணம்

அடால்ஃப் க்னிகே 1752இல் ஹனோவர் அருகே பிரேடன்பெக்கில் பிறந்தார். 1766இல் தந்தை இறந்தபோது பண்ணையின்மேல் 1,30,000 தாலர் கடன். கடன்காரர்கள் நிலத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பையனுக்கு ஆண்டுக்கு 500 தாலர் கொடுத்தார்கள். கேட்டிங்கனில் சட்டம் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1771இல், ஹெஸ்ஸ-காசல் மன்னர் அவரை ஹோஃப்யுங்கராகவும் நிதி அலுவலக உதவியாளராகவும் நியமித்தார். இரண்டு ஏணியிலும் கால், இருபது வயதுகூட நிரம்பாமல். 1773இல் அரசியின் தோழிப் பெண்களில் ஒருவரான ஹென்ரியட்டையும் மணந்தார். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கெடுத்தது நாக்கு. கிண்டலும் வெளிப்படைப் பேச்சும் சக ஊழியர்களை எதிரிகளாக்கின. 1775இல் காசலை விட்டு வெளியேறினார். அடுத்து வைமரின் காமர்ஹெர் பட்டம் கிடைத்தது, ஆனால் பட்டம் அடுப்பெரிக்காது. ஹனாவ் அரசவையில் பொழுதுபோக்கு நாடகங்களை நடத்திக் கொடுத்தார், அங்கேயும் 1780க்கு மேல் தங்கவில்லை. அவர் சறுக்கியதன் காரணம் எளிமையானது: கையில் நிலமில்லை, எனவே மன்னரின் தயவு தேவை, ஆனால் தயவைக் காக்கும் பொறுமை இல்லை. செக்கெண்டார்ஃபிடம் இருந்த கோப்புத் திறமையை வளர்க்கவும் அவர் எங்கும் நிலைத்து நிற்கவில்லை. பேனாவால் பிழைத்தார். மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று 1788இல் அவர் எழுதிய நூலில் அரசவை மனிதர்களைப் பற்றிய பகுதிகள், அடிபட்டவரின் எச்சரிக்கைகள். 1790இல் ஹனோவர் அரசு பிரேமென் நகரில் தனக்கிருந்த பேராலயத்தையும் அதன் பள்ளியையும் பார்த்துக்கொள்ளும் பதவியைக் கொடுத்தது. 1796இல், நாற்பத்துமூன்று வயதில், அந்தப் பதவியிலேயே இறந்தார். பண்ணை கடைசிவரை திரும்பவில்லை.

கடைசி அழைப்பு

அறுபத்தைந்து வயதில் செக்கெண்டார்ஃப் மறுபடியும் அழைக்கப்பட்டார். பிராண்டன்பர்க் அரசு அவரை 1692இல் புதிய ஹாலே பல்கலைக்கழகத்தின் முதல் சான்சலராக்கியது. போதனை பெரிதா, பக்தி வாழ்வு பெரிதா என்று அந்த ஊரின் பழைய பாதிரிமார்களும், புதிதாக வந்த ஃபிராங்கெ போன்ற பக்தி இயக்கத்தாரும் மோதிக்கொண்டிருந்தார்கள். சமரசம் பேசுவதும் அவர் பொறுப்பில் விழுந்தது. சில வாரங்களில், டிசம்பர் 18 அன்று, இறந்துவிட்டார். தமிழ் வாசகருக்கு ஹாலே அந்நியமான பெயர் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அங்கே ஃபிராங்கெயிடம் படித்தவர்.

அவர் வளர்த்த அண்ணன்-தம்பி மகன் ஃபிரீட்ரிக் ஹைன்ரிக் வேறு பாதையில் போனார். படை, தூது இரண்டிலும் பல எஜமானர்களிடம் பணியாற்றி, பேரரசரின் தளபதியாக உயர்ந்து, பெர்லினில் தூதராக இருந்து பிரஷ்ய மன்னர் நெருங்கியவர்களோடு புகைபிடித்துப் பேசும் புகையிலைக் கூடம்வரை நுழைந்தார். 1737இல் துருக்கியருக்கு எதிரான போர் தோற்றதும் பழி அவர்மேல் விழுந்தது. கிராட்ஸ் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1740இல் மரியா தெரேசா ஆட்சிக்கு வந்த பிறகே வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. பேரரசியின் எதிரியான பவேரியாவில் போய்ச் சேர்ந்தார்.

இப்படி ஓர் எஜமானரை விட்டு இன்னொருவரிடம் போகும் வழி 1803க்குப் பிறகு குறுகியது. நெப்போலியன் காலத்து நில மாற்றங்களில் திருச்சபை அரசுகளும் சிற்றரசுகளும் பெரியவற்றோடு இணைக்கப்பட்டன. 1806இல் பேரரசே கலைந்தது. 1815இல் உருவான ஜெர்மன் கூட்டமைப்பில் நாற்பதுக்கும் குறைவான உறுப்பு நாடுகளே மிஞ்சின. அவற்றின் அலுவலகங்கள் இப்போது தேர்வு எழுதி வந்தவர்களைக் கேட்டன. சாவியும் மேசை மரியாதையும் மட்டும் பிரபுக்களிடமே 1918வரை இருந்தன.